இறவாப் பகைவன்: பேட்மேன் கதையில் ஜோக்கர் பெற்ற இடம்

காப்பியம் இயற்றும் புலவன் தலைவனைப் படைக்கும்போதே அவனுக்கு ஈடான எதிர்த்தலைவனையும் மனத்தில் வகுத்துக்கொள்கிறான். எதிர்த்தலைவனின் வலிமையே தலைவனின் பெருமையை அளக்கும் கோலாக அமைகிறது. ஒரு புலவன், ஒரு நூல், ஒரு முடிவு என்னும் ஒழுங்குக்குள் இது இயல்பாக நிகழ்ந்துவிடுகிறது. மாதந்தோறும் வெளிவந்து, பல கைகள் மாறி எழுதப்பட்டு, முடிவே இல்லாமல் நீளும் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் அத்தகைய முன்திட்டத்துக்கு இடமில்லை. அங்கே நாயகனை எதிர்க்கும் பகைவர் எண்ணற்றோர். அவர்களுள் பெரும்பாலோர் ஓரிரு இதழ்களில் மறைந்துபோகின்றனர். ஒருவன் மட்டும், நாயகனின் பெயரைச் சொன்னவுடன் தானும் நினைவுக்கு வரும் பரம வைரியாக உயர்ந்துவிடுகிறான். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்குப் பேட்மேனுக்கு ஜோக்கர் வாய்த்த வரலாறு தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் வேர், 1940ஆம் ஆண்டில் ஓர் இதழாசிரியர் எடுத்த இரு முடிவுகளில் இருக்கிறது. அம்முடிவுகள் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை எழுத்தாளர்கள் உணர்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

சீட்டும் சிரிப்பும்

பேட்மேன் 1939ஆம் ஆண்டு மே மாதத் தேதியிட்ட 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில் அறிமுகமானான். அவனை உருவாக்கியவர்கள் ஓவியர் பாப் கேனும் எழுத்தாளர் பில் ஃபிங்கரும் ஆவர். தாய் தந்தையர் தன் கண்ணெதிரே ஒரு தெருக்கள்வனால் சுடப்பட்டு மடியக் கண்ட ப்ரூஸ் வேன் என்னும் செல்வச் சிறுவன், வளர்ந்தபின் வௌவால் கோலம் பூண்டு இரவில் குற்றவாளிகளைத் தேடிச் செல்கிறான் என்பதே கதையின் அடித்தளம். வாசகரின் பேராதரவால் 1940ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவன் பெயரிலேயே தனி இதழ் தொடங்கப்பட்டது. அதன் முதல் இதழில்தான் ஜோக்கர் தோன்றினான்.

அவனைப் படைத்தவர் யார் என்பதில் கடைசிவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. அப்போது பதினெட்டு வயதைத் தொட்டிருந்த உதவி ஓவியர் ஜெரி ராபின்சன், சீட்டுக்கட்டில் உள்ள ஜோக்கர் சீட்டைக் கொண்டு அந்த எண்ணத்தைத் தாமே முதலில் வரைந்து காட்டியதாகக் கூறினார். கேன் அதை மறுத்து, தாமும் ஃபிங்கருமே படைத்ததாக வாதிட்டார். ஃபிங்கர் கொண்டுவந்த ஒரு திரைப்பட நிழற்படம் அவனுடைய முகத்துக்கு மாதிரியாயிற்று என்பதில் மட்டும் ஐயமில்லை. 1928இல் பால் லேனி இயக்கிய 'சிரிக்கும் மனிதன்' என்னும் மௌனப் படத்தில் நடிகர் கான்ராட் ஃபைட் தோன்றிய கோலம் அது.

அப்படத்தின் மூலம் விக்டர் ஹ்யூகோ 1869இல் வெளியிட்ட நாவல். சிறு வயதிலேயே வாய் கிழிக்கப்பட்டு, என்றும் மாறாத இளிப்பைச் சுமந்து வாழும் க்வின்ப்ளேன் அதன் நாயகன். பிரபுக்கள் அவையில் எழுந்து அவன் ஏழைகளுக்காகப் பேசுகிறான்; அவன் முகத்தைக் கண்டு அவை நகைக்கிறது. அழவும் இயலாத நல்லவன் ஒருவனின் முகம் அது. சித்திரக்கதையாளர்கள் அந்த முகத்தை எடுத்துக்கொண்டு, அதன் துயரத்தை விட்டுவிட்டனர். எஞ்சியது சிரித்தபடி கொல்லும் ஒருவன். முதற்கதையில் அவன் வானொலி வழியே கொலையை முன்னரே அறிவிக்கிறான். குறித்த நேரத்தில் செல்வர் இறக்கிறார். நஞ்சின் விளைவால் பிணத்தின் முகத்தில் அதே இளிப்பு உறைந்திருக்கிறது. அவன் யார், எங்கிருந்து வந்தான் என்பது பற்றி அந்த இதழ் ஒன்றும் சொல்லவில்லை.

இரு முடிவுகள்

அந்த முதல் இதழின் நான்கு கதைகளுள் இரண்டில் ஜோக்கர் வருகிறான். இரண்டாவது கதையின் இறுதியில், பேட்மேனைக் குத்த ஓங்கிய கத்தி தன் மார்பிலேயே பாய, அவன் சிரித்துக்கொண்டே சாய்கிறான். அத்துடன் அவனை முடித்துவிடுவதே ஃபிங்கரின் எண்ணம். ஒரே பகைவன் மீண்டும் மீண்டும் தப்பி வந்தால் நாயகன் கையாலாகாதவனாகத் தோன்றுவான் என்று அவர் அஞ்சினார். கதைக்கலை அறிந்த எவரும் ஒப்பும் அச்சமே அது.

இதழாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் அதை ஏற்கவில்லை. இத்தகைய பாத்திரத்தை ஒரே இதழில் வீணாக்கலாகாது என்று கருதி, இறுதியில் ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொன்னார். மருத்துவ வண்டியில் கிடத்தப்பட்ட ஜோக்கரைச் சோதித்த மருத்துவர், அவன் உயிரோடு இருப்பதையும் பிழைத்துக்கொள்ளப் போவதையும் கண்டு திகைக்கும் கட்டம் அது. ஜோக்கரின் நெடிய வாழ்வு அந்தச் சிறு கட்டத்திலிருந்து தொடங்குகிறது.

எல்ஸ்வொர்த்தின் மற்றொரு முடிவும் இதே இதழை ஒட்டியதே. தொடக்கக் காலப் பேட்மேன் கொல்லத் தயங்காதவன். முதல் இதழிலேயே விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் ஒரு லாரியின்மேல் சுடுகிறான். இளம் வாசகருக்கு இது தகாது என உணர்ந்த எல்ஸ்வொர்த், இனிப் பேட்மேன் துப்பாக்கி ஏந்தவும் கூடாது, கொல்லவும் கூடாது என்று விதித்தார். இரண்டும் தொழில் நோக்கில் எடுக்கப்பட்ட முடிவுகள்: ஒன்று விற்பனை கருதியது, மற்றொன்று நற்பெயர் கருதியது. ஆயினும் அவை சேர்ந்தபோது எவரும் எண்ணாத ஒரு நிலை உருவாயிற்று. கொல்ல மாட்டேன் என்னும் நாயகனுக்கு முன்னால், கொலையை நிறுத்தாத ஒருவன் நிரந்தரமாக நிறுத்தப்பட்டுவிட்டான்.

கேலிக்கூத்தின் காலம்

அந்நிலையின் ஆழத்தை அன்று எவரும் தொடவில்லை. 1942ஆம் ஆண்டுக் கதை ஒன்றில் ஜோக்கர் மின்நாற்காலியில் தண்டிக்கப்பட்டு இறக்கிறான். கூட்டாளிகள் அவனை உயிர்ப்பிக்கின்றனர். தண்டனையை அனுபவித்துவிட்டதால் சட்டம் அவனைத் தொட இயலவில்லை. சாவாமை அங்கே ஒரு வேடிக்கையாகவே கையாளப்பட்டது. விரைவில் கொலைகளும் மறைந்தன. விசித்திரமான திருட்டுகளைச் செய்து மாட்டிக்கொள்ளும் குறும்பனாக அவன் சுருங்கினான். 1954இல் சித்திரக்கதைகளுக்கு எதிராக எழுந்த கண்டனமும், அதைத் தொடர்ந்து பதிப்பாளர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட தணிக்கை விதிகளும் இப்போக்கை உறுதிப்படுத்தின. 1966 முதல் 1968 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில் ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ தம் மீசையை மழிக்க மறுத்து, அதன்மேலேயே வெள்ளைப் பூச்சைப் பூசிக்கொண்டார். எவரும் அஞ்ச வேண்டிய தேவை இல்லாத பாத்திரமாக ஜோக்கர் ஆகியிருந்ததற்கு அதுவே சான்று.

இக்காலத்தின் குறிப்பிடத்தக்க வரவு, 1951இல் ஃபிங்கர் எழுதிய மூலக்கதை ஆகும். சிவப்பு முகமூடி அணிந்த திருடன் ஒருவன் பேட்மேனிடமிருந்து தப்ப இரசாயனக் கழிவில் குதிக்கிறான். வெளுத்த தோலும் பச்சை மயிரும் சிவந்த உதடுமாக வெளியேறுகிறான். முதல் இதழிலேயே அவனைக் கொல்ல விரும்பியவரே பின்னர் அவனுக்குப் பிறப்பையும் அளித்தார். தன் பகைவன் உருவானதில் பேட்மேனுக்கும் பங்கு உண்டு என்னும் கருத்து இக்கதையில்தான் விதைக்கப்பட்டது.

ஆட்டத்தின் விதி

தொலைக்காட்சித் தொடர் முடிந்தபின் சில ஆண்டுகள் ஜோக்கர் இதழ்களில் அரிதாகிப்போனான். 1973இல் எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் 'பேட்மேன்' 251ஆம் இதழில் அவனைக் கொலைகாரனாகவே மீட்டனர். தன்னைக் காட்டிக்கொடுத்தவன் ஐந்து பழைய கூட்டாளிகளுள் ஒருவன் என்பதால் ஐவரையும் பழிவாங்கப் புறப்படுகிறான். இடையில் பேட்மேன் நினைவிழந்து அவன் காலடியில் கிடக்கிறான். கொன்றுவிடலாம், ஆனால் கொல்லவில்லை. தற்செயலாகக் கிட்டிய வெற்றி வெற்றியாகாது என்றும், தங்களுக்கிடையே உள்ள ஆட்டம் இல்லாமல் வெல்வதில் பொருளில்லை என்றும் எண்ணி விலகிச் செல்கிறான்.

பகையின் இலக்கணம் இங்கே மாறுகிறது. பெங்குவின், இருமுகன் முதலிய பிற பகைவருக்குப் பொருளோ அதிகாரமோ இலக்கு. பேட்மேன் அவர்களுக்கு இடையூறு மட்டுமே. ஜோக்கருக்கோ பேட்மேனே இலக்கு. 1978இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட்டும் மார்ஷல் ராஜர்ஸும் படைத்த கதையில் அவன் கடல்மீன்களுக்குத் தன் இளிப்பை வரச்செய்து, அவற்றுக்கு உரிமத்தொகை கேட்கிறான். சட்டத்தில் இடமில்லை என்று சொன்ன அலுவலரைக் கொல்கிறான். ஆதாயக் கணக்குக்குள் அடங்காத அறிவு அவனுடையது என்பதை அக்கதை நிறுவியது. 1974இல் ஓ'நீல் அறிமுகப்படுத்திய ஆர்க்கம் மனநோய் மருத்துவமனையும் கதைக்கு உதவியது. தூக்குமரத்துக்கும் சிறைக்கும் மாறாக அவன் மருத்துவமனைக்கே அனுப்பப்படுவான்; எனவே திரும்பி வந்துகொண்டே இருப்பான்.

விலை

ஆனால் பேட்மேன் எதையும் இழக்காதவரை இப்பகை விளையாட்டாகவே நின்றிருக்கும். 1986இல் ஃபிராங்க் மில்லர் எழுதி வரைந்த நூலில், பேட்மேன் ஓய்வு பெற்றிருந்த பத்தாண்டுகளும் ஜோக்கர் உணர்வற்றவனாய் அமர்ந்திருக்கிறான். பேட்மேன் திரும்பிய செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டதும் அவன் உதடுகள் விரிகின்றன. இறுதிப் போரிலும் பேட்மேன் அவனைக் கொல்லாமல் நிற்க, ஜோக்கர் தன் கழுத்தைத் தானே முறித்துக்கொண்டு கொலைப்பழியை அவன்மேல் சுமத்துகிறான். நாயகனின் உயிரைவிட நாயகனின் நோன்பே அவன் குறி என்பது அங்கே வெளிப்படையாயிற்று.

1988இல் ஆலன் மூர் எழுத, பிரையன் போலண்ட் வரைந்த 'கில்லிங் ஜோக்' நூலில், காவல்துறை ஆணையர் கார்டனின் மகள் பார்பராவை ஜோக்கர் சுட்டு முடமாக்குகிறான். ஒரு கொடிய நாள் போதும், எவரும் தன்னைப்போல் ஆகிவிடுவர் என்று நிரூபிப்பதே அவன் நோக்கம். கார்டன் உடையவில்லை; அந்நிலையிலும் சட்டப்படியே அவனைப் பிடிக்குமாறு பேட்மேனைக் கேட்டுக்கொள்கிறார். ஆடவர் இருவரின் போட்டிக்காக ஒரு பெண் பலியாக்கப்பட்டாள் என்னும் கண்டனம் இந்நூலின்மேல் எழுந்தது, அது புறந்தள்ளத்தக்கதன்று. கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் 1989 முதல் பார்பராவைச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தகவல்களை ஆளும் 'ஆரக்கிள்' ஆக்கி அக்குறைக்கு ஓரளவு ஈடு செய்தனர்.

அதே 1988இல், இரண்டாவது ராபினான ஜேசன் டாட் என்னும் சிறுவன் ஜோக்கரின் கையில் சிக்குகிறான். அவன் பிழைக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை, ஓ'நீல் ஆசிரியராக இருந்த அவ்விதழ் வாசகரிடமே ஒப்படைத்தது. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணத்தில் தொலைபேசி வாக்கெடுப்பு நடந்தது. சாக வேண்டும் என்றவை 5,343 வாக்குகள். வாழ வேண்டும் என்றவை 5,271. எழுபத்திரண்டு வாக்கு வேறுபாட்டில் சிறுவன் மாண்டான். வேடிக்கையாகத் தொடங்கிய செயல் பலரை அதிர வைத்தது. அதன்பின் பேட்மேன் ஜோக்கரை உயிரோடு விடும் ஒவ்வொரு முறையும் வாசகன் முன் ஒரு பிணம் கிடக்கிறது. 'கொல்லாமை' என்னும் நோன்பு யாருடைய உயிரை விலையாகக் கொடுத்துக் காக்கப்படுகிறது என்னும் வினா எழுகிறது. நாயகன் கையாலாகாதவனாகத் தோன்றுவான் என்று 1940இல் ஃபிங்கர் அஞ்சியது வீணன்று. அந்த அச்சமே அறக்கேள்வியாக முதிர்ந்து கதையின் மையத்தில் வந்தமர்ந்தது.

திரையில்

டிம் பர்ட்டனின் 1989ஆம் ஆண்டுத் திரைப்படம் வேறு வழியை நாடியது. ஜாக் நிக்கல்சன் நடித்த ஜோக்கரே ப்ரூஸ் வேனின் பெற்றோரைக் கொன்றவன் என்று அது காட்டியது. பகைக்கு எளிய காரணம் கிடைத்தது. இறுதியில் அவன் உயரத்திலிருந்து விழுந்து மடியக் கணக்கும் தீர்ந்தது. கிறிஸ்டோபர் நோலனின் 2008ஆம் ஆண்டுப் படமோ சித்திரக்கதைகள் கண்டறிந்ததையே பின்பற்றியது. ஹீத் லெட்ஜரின் ஜோக்கர் தன் முகவடுக்களுக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கதை சொல்கிறான். அவனுக்கு நிலையான முன்கதை இல்லை. உயரத்திலிருந்து அவனைத் தள்ளிய பேட்மேனே கயிறு வீசி அவனைப் பிடித்துக்கொள்கிறான். தலைகீழாகத் தொங்கியபடி ஜோக்கர் சிரிக்கிறான். படம் வெளிவருமுன் மறைந்த லெட்ஜருக்கு 2009இல் ஆஸ்கர் விருது அளிக்கப்பட்டது.

2019இல் டாட் பிலிப்ஸ் இயக்கிய 'ஜோக்கர்' படத்தில் வாக்கீன் பீனிக்ஸ் ஏற்ற பாத்திரம், அடக்க இயலாத சிரிப்பு நோயால் வருந்தும் ஏழை. அழ வேண்டிய இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வருகிறது. கண்டவர் ஏளனம் செய்கின்றனர். க்வின்ப்ளேனிடமிருந்து முகத்தை மட்டும் பறித்துக்கொண்டு சென்ற மரபு, விட்டுவந்த துயரத்தையும் எண்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பெற்றுக்கொண்டது எனலாம்.

பரம வைரி என்னும் தகுதி வலிமையால் வருவதன்று என்பதே இவ்வரலாறு உணர்த்துவது. நாயகன் எதை விட்டுக்கொடுக்க மாட்டானோ அதையே குறிவைப்பவனுக்கு அத்தகுதி வந்து சேர்கிறது. பேட்மேன் கொல்பவனாகவே நீடித்திருந்தால் ஜோக்கர் மற்றுமொரு பிணமாகியிருப்பான். ஜோக்கர் முதல் இதழிலேயே இறந்திருந்தால் பேட்மேனின் நோன்பு சோதிக்கப்படாத நோன்பாகவே நின்றிருக்கும்.

இவர்கள் இருவரையும் உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட பில் ஃபிங்கர் 1974இல் காலமானார். பேட்மேனைப் படைத்தவர் என்று அதுவரை அச்சான பெயர் பாப் கேனுடையது மட்டுமே. 2015இல்தான் டி.சி. நிறுவனம் ஃபிங்கரின் பெயரையும் முறைப்படி உடன் சேர்த்தது. முதற்கதையிலேயே சாகவேண்டும் என்று அவர் எண்ணிய பகைவன், அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பெயர் அச்சேறியபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.