கும்மிடிப்பூண்டி வந்த படை காஞ்சிக்குப் போய்ச் சேராதது ஏன்? 1780-ல் ஹைதர் அலி போட்ட கணக்கு

கும்மிடிப்பூண்டின்னா இன்று சிப்காட் ஆலைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால், 1780 ஆகஸ்ட் 24-ல் இங்கே வந்து சேர்ந்தது கிழக்கிந்திய கம்பெனியின் ஒரு படை. அடுத்த 17 நாட்களில் அந்தப் படையே இல்லாமல் போனது. எப்படி?

சென்னை ஏன் ஏமாந்தது?

மைசூரின் ஹைதர் அலி, மராட்டியர், நிஜாம் ஆகியோருடன் கம்பெனிக்கு எதிராகக் கைகோத்திருந்தார். போர் வரப்போவதாக எச்சரிக்கை வந்தும் சென்னை கோட்டை நிர்வாகம் நம்பவில்லை. ஜூலையில் 80 ஆயிரம் பேருக்கு மேல் கொண்ட படை செங்கம் கணவாய் வழியாக இறங்கியது. ஆகஸ்ட்டில் அவரது குதிரைப்படை சென்னையின் வாசல் வரை வந்துவிட்டது. வழியில் கிராமங்கள் எரிந்தன.

கும்மிடிப்பூண்டியில் நடந்தது என்ன?

குண்டூரிலிருந்து சுமார் 2,800 பேருடன் வந்தவர் கர்னல் பெய்லி. இங்கிருந்து சென்னை 45 கி.மீ.தான். ஆனா, காஞ்சிபுரம் போய் தளபதி ஹெக்டர் மன்றோவுடன் சேரும்படி உத்தரவு. (அண்ணா சாலையில் குதிரை மேல் சிலையாக இருப்பவர் தாமஸ் மன்றோ, அவர் வேறு.)

மறுநாள் கொசஸ்தலை ஆற்றை அடைந்தபோது தண்ணீர் அதிகமில்லை. காலையில் கடக்கலாம்னு வடகரையிலேயே தங்கினார் பெய்லி. இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கும் மேல் அங்கேயே முடங்கினார். அந்த அவகாசத்தில் ஹைதர் தன் மகன் திப்புவை அனுப்பினார். செப்டம்பர் 6-ல் திருவள்ளூர் பக்கத்துப் பேரம்பாக்கத்தில் மோதல்.

ஏமாற்று வேலை எங்கே?

1. வழிகாட்டிகள்: மன்றோவுக்கு வழிகாட்ட வந்தவர்களே ஹைதரின் ஆட்கள். பெய்லிக்கு உதவப் போன கர்னல் ஃபிளெட்சர் சந்தேகப்பட்டுப் பாதையை மாற்றியதால்தான் போய்ச் சேர்ந்தார்.

2. இரவு நகர்வு: செப்டம்பர் 9 இரவு, மன்றோவுக்குத் தெரியாமலே தன் படையை பெய்லி வரும் பாதைக்கு நகர்த்தினார் ஹைதர்.

முடிவு?

செப்டம்பர் 10, பொள்ளிலூர். ஹைதர், திப்பு இருவரின் படைகளும் பெய்லியைச் சுற்றி வளைத்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஃபிளெட்சர் கொல்லப்பட்டார். பெய்லி சிறைபிடிக்கப்பட்டு, 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இறந்தார். சில கி.மீ. தள்ளி இருந்த மன்றோ, பெரிய பீரங்கிகளை காஞ்சி கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

எதிரியின் ரகசியம் பாதிதான் வேலை செய்தது. வந்த எச்சரிக்கையை நம்பாததுதான் மீதி.