பேசும் எஞ்சின்களும் பெயரில்லாத டிரைவர்களும்

ஹென்றி ஒரு பச்சை நிற ரயில் எஞ்சின். மழையில் நனைந்தால் தன் அழகான பச்சைச் சாயம் கெட்டுப்போகும் என்று சுரங்கப்பாதைக்குள் போய் நின்றுகொள்கிறான். டிரைவர் சொல்லிப் பார்க்கிறார், ஃபயர்மேன் சொல்லிப் பார்க்கிறார், ம்ஹூம். அதே வண்டியில் வந்த ரயில்வே முதலாளி கீழே இறங்கி, பயணிகளைக் கயிறு கட்டி இழுக்கச் சொல்கிறார். எல்லாரும் இழுக்கிறார்கள், அவரைத் தவிர. இழுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். சரி, பின்னாலிருந்து தள்ளலாம் என்றால், தள்ளவும் டாக்டர் தடை. கடைசியில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சுரங்க வாயிலில் சுவர் எழுப்பி ஹென்றியை உள்ளேயே வைத்து அடைக்கிறார்கள். இந்தத் தண்டனை அவனுக்குத் தேவைதானே என்று கதைசொல்லி குழந்தைகளைக் கேட்கிறார்.

1945இல் வெளிவந்த ஒரு சின்னப் புத்தகத்தில் இருக்கும் கதை இது. எழுதியவர் வில்பர்ட் ஆட்ரி என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். தட்டம்மையில் படுத்திருந்த மகனுக்குச் சொல்ல ஆரம்பித்த கதைகள், 1972 வரை 26 புத்தகங்களாக வளர்ந்தன. நம்மில் பலருக்கு அவை ‘தாமஸும் நண்பர்களும்’ என்ற கார்ட்டூனாகத்தான் தெரியும்.

குழந்தைகள் கதையில் போய் வர்க்கத்தைத் தேடுவதா என்று கேட்கலாம். சிலியில் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மாண்ட் மாத்தலாரும் 1971இல் டொனால்ட் டக் கதைகளை அப்படித்தான் வாசித்தார்கள். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எரித்தார்கள். சும்மா வாத்துக் கதைதானே என்று புது ஆட்சியாளர்கள் விட்டுவிடவில்லை. தாமஸையும் சும்மா விடவில்லை. 2009இல் கனடாவைச் சேர்ந்த ஷானா வில்டன் என்ற அரசியல் ஆய்வாளர் 23 அத்தியாயங்களை எடுத்து ஆராய்ந்து, இது படிநிலையையும் கீழ்ப்படிதலையும் போற்றும் பழமைவாதத் தொடர் என்றார். சரிதான். ஆனால் அதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. உயரத் தொப்பி போட்ட குண்டு மனிதர் ஒருவர் வந்து நிற்கும்போது எஞ்சின்கள் நடுங்குவதைப் பார்த்தாலே போதும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதலாளி பக்கம் நின்று சொல்லப்படும் கதைக்குள்ளும் தொழிலாளர்களின் வரலாறு எப்படியோ நுழைந்துவிடுகிறது. கதைசொல்லிக்கே அது தெரிவதில்லை.

1950இல் வந்த புத்தகத்தில் ஒரு வேலைநிறுத்தம் வருகிறது. ஹென்றி, கார்டன், ஜேம்ஸ் மூன்று பேரும் பெரிய எஞ்சின்கள். பயணிகள் பெட்டிகளை யார்டிலிருந்து இழுத்து வந்து பிளாட்பாரத்தில் நிறுத்தும் ஷண்டிங் வேலையை இனிமேல் செய்யமாட்டோம் என்று ஷெட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். முதலாளி என்ன செய்கிறார்? மூன்று பேரையும் ஷெட்டில் போட்டுப் பூட்டுகிறார். எட்வர்டையும் தாமஸையும் வைத்து வண்டிகளை ஓட்டுகிறார். பட்டறைக்குப் போய், அங்கே நிற்கும் எஞ்சின்களைப் பார்வையிட்டு, பெர்சி என்ற சின்னப் பச்சை எஞ்சினை வாங்கி வருகிறார். வேலைக்குக் காத்துக் கிடக்கும் கூட்டம் என்று மார்க்ஸ் எழுதியது அந்தப் பட்டறையில்தான் நிற்கிறது. நம் ஊர் தொழிற்சங்க மொழியில் சொன்னால் பெர்சி ஒரு கருங்காலி. பாவம், அது அவனுக்கே தெரியாது. சில நாள் இருட்டில் கிடந்த பிறகு மூவரும் மன்னிப்புக் கேட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். தோல்வி. அப்படித்தான் கதை சொல்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். சண்டை ஏன் வந்தது? முன்பு பெட்டிகளை எடுத்து வந்துகொண்டிருந்தவன் தாமஸ். அவனுக்குத் தனியாக ஒரு கிளைப்பாதை கிடைத்துவிட்டது. அவன் இடத்தில் வேறு ஆள் போடவில்லை. அந்த வேலையும் பெரிய எஞ்சின்கள் தலையில் விழுந்தது. ஆள் குறைப்பும் கூடுதல் வேலையும், வேறொன்றுமில்லை. வேலைநிறுத்தம் முடிந்தபோது யார்டில் புதிதாக ஒரு ஷண்டிங் எஞ்சின் நிற்கிறது. அதாவது கேட்டது கிடைத்துவிட்டது! முதலாளி தானாக வாங்கித் தரவில்லை, மூன்று பேர் நின்றதால்தான் வாங்கினார். ஆனாலும் கதையில் இருப்பது தண்டனையும் மன்னிப்பும்தான், வெற்றி என்ற சொல் எங்கும் இல்லை. பாவம், தண்டனை, மனம் வருந்துதல், மீண்டும் ஏற்றுக்கொள்ளல் என்று பாதிரியாருக்குப் பழகிய வரிசையில் ஒரு தொழில் தகராறு போய் உட்கார்ந்துவிட்டது.

எஞ்சின்களின் திமிரும் ஆட்ரி கற்பனையாக இட்டுக்கட்டியது இல்லை. எக்ஸ்பிரஸ் இழுக்கும் கார்டன் சரக்கு வண்டியைத் தொடமாட்டான். நிஜ பிரிட்டிஷ் ரயில்வேயில் ஒரு பையன் எஞ்சின் துடைப்பவனாகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, டிரைவராவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். மேலே போனவர் கீழ் வேலையைத் தொடுவது கௌரவக் குறைச்சல். டிரைவர்களுக்கும் ஃபயர்மேன்களுக்கும் 1880 முதல் தனிச் சங்கமே இருந்தது. மற்றவர்களுக்காக 1871இல் தொடங்கிய சங்கத்தின் பெயரோ ரயில்வே ‘வேலைக்காரர்கள்’ சங்கம். வீட்டு வேலைக்காரர் என்று சொல்கிறோமே, அதே சொல். அந்த வேலைக்காரர்கள் வேல்ஸின் டாஃப் வேல் ரயில்வேயில் 1900இல் வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனி சங்கத்தின் மீதே வழக்குப் போட்டு 23,000 பவுன் நஷ்டஈடு வாங்கியது. அப்போதுதான் உருவாகியிருந்த தொழிற்கட்சியின் பக்கம் சங்கங்கள் திரளாக வந்து சேர்ந்ததற்கு அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம்.

அந்தத் தொழிற்கட்சிதான் 1948 ஜனவரி 1ஆம் தேதி ரயில்வேயை நாட்டுடைமை ஆக்கியது. இங்கே ஆட்ரி செய்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். முதல் புத்தகங்களில் அந்தக் குண்டு மனிதர் கம்பெனியின் டைரக்டர். 1948இல் வந்த புத்தகத்தின் முன்னுரையில், நாங்கள் இப்போது நாட்டுடைமை ஆகிவிட்டோம், ஆனால் அதே ஆள்தான் பொறுப்பில் இருக்கிறார், இனி அவர் கண்ட்ரோலர் என்ற மாதிரி ஒரு செய்தி வருகிறது. அவ்வளவுதான். அதே தொப்பி, அதே கோட்டு, அதே வயிறு. நிஜத்திலும் பழைய பங்குதாரர்களுக்கு 3% வட்டி தரும் அரசு உத்தரவாதப் பத்திரங்கள் கிடைத்தன. மேலாளர்கள் பெரும்பாலும் நாற்காலியை விட்டு நகரவில்லை. சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பது மாறியது, யார் யாருக்கு உத்தரவு போடுவது என்பது மாறவில்லை. இதை விளக்க இடதுசாரிகள் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். அரசியலில் அவர்களுக்கு எதிர்த் திசையில் நின்றிருக்கக்கூடிய ஒரு பாதிரியார் முன்னுரையில் போகிறபோக்கில் சொல்லிவிட்டார்.

இவ்வளவு நேரம் எஞ்சின்களை அவன் அவன் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில் ‘அவனா அதுவா’ என்று கை தயங்கும் இடம் இது. மார்க்ஸ் ‘மூலதன’த்தில் பண்டத்தின் மாயையைப் பற்றிப் பேசும்போது, ஒரு மர மேசை தலைகீழாக நின்று ஆடுவதாக எழுதுவார். மனிதர்களுக்கு இடையிலான உறவு பொருள்களுக்கு இடையிலான உறவு போலத் தெரிய ஆரம்பிக்கிறது என்பது அவர் வாதம். நம் இலக்கணத்தில் சொன்னால் அஃறிணை உயர்திணை ஆகிவிடுகிறது. சோடார் தீவில் இது அப்படியே நடக்கிறது. எஞ்சினுக்கு முகம், பெயர், ரோஷம், பொறாமை எல்லாம் உண்டு. கரி அள்ளிப் போட்டு அதை ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் பெயர்கூட இல்லை. மூன்று எஞ்சின்களையும் ஷெட்டில் பூட்டிய நாட்களில் அவற்றின் டிரைவர்கள் எங்கே போனார்கள், சம்பளம் வந்ததா? கதை அதைக் கேட்பதே இல்லை. சம்பளம் என்ற பேச்சே அந்தத் தீவில் அபூர்வம். பயனுள்ள எஞ்சின் என்ற பாராட்டுதான் கூலி.

பிரிட்டிஷார் இந்த ரயில்வேயை ஏணிப்படிகளோடு சேர்த்துத்தான் மலாயாவுக்கும் கொண்டுவந்தார்கள். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போன பாதையில் தொடங்கி வளர்ந்த ரயில்வேயில், தண்டவாளத்தில் வெயிலில் நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த கூலிகள். ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். ஒரே மொழி பேசினாலும் படி வேறு. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான். அது நம் நினைவில் இருக்கிறது. அதற்கு முந்திய இரவு ஓட்டியவர் யார்?

கார்ட்டூன் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு வந்தது 1984இல். தாட்சரை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டு வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். ரயில் தொழிலாளர்கள் பலர் அவர்களுக்கு ஆதரவாக நிலக்கரி வண்டிகளை நகர்த்த மறுத்தார்கள். முதல் பருவத்திலேயே ஷெட்டில் பூட்டும் அத்தியாயமும் இருந்தது. யாரும் திட்டமிட்டு வைத்ததாக நான் நினைக்கவில்லை, முப்பத்து நான்கு வருடப் பழைய கதை. கதை சொன்ன குரல் பீட்டில்ஸ் ரிங்கோ ஸ்டாருடையது. லிவர்பூல் தொழிலாளர் குடும்பத்துப் பையன், இளவயதில் பிரிட்டிஷ் ரயில்வேயில் எடுபிடி வேலையும் கொஞ்ச நாள் பார்த்தவர்.

1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே முதன்மைப் பாதைகளில் நீராவி எஞ்சின்களை முற்றாக நிறுத்தியது. அதே ஆண்டுப் புத்தகத்தில் ஆலிவர் என்ற எஞ்சின் பழைய இரும்புக் கிடங்குக்குத் தப்பி, டக்ளஸ் என்ற இன்னொரு எஞ்சினின் உதவியால் சோடாருக்கு வந்துசேர்கிறான். கண்ட்ரோலர் அவனை வைத்துக்கொள்கிறார். உருக்கமான கதைதான். நாட்டுடைமையானபோது ஆறு லட்சத்துக்கும் மேல் இருந்த பிரிட்டிஷ் ரயில்வே தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த இருபது ஆண்டுகளில் குறைந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தீவு கிடைக்கவில்லை.

இப்போது அந்த எஞ்சின்கள் விளையாட்டுச் சாமான்கள். 2007 ஜூனில் அமெரிக்காவில் சுமார் 15 லட்சம் தாமஸ் மர ரயில் பொம்மைகளையும் பாகங்களையும் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் திரும்பப் பெற்றார்கள். சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பூசிய சாயத்தில் ஈயம் இருந்தது. குழந்தைகள் வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று பெற்றோர்கள் பதறினார்கள், நியாயம்தான். அந்தச் சாயத்தை நாள் முழுக்க மூச்சில் இழுத்துக்கொண்டு பூசியவர்களைப் பற்றிச் செய்திகளில் அதிகம் இல்லை. திரும்பப் பெற்ற பட்டியலில் ஜேம்ஸும் இருந்தான், தன் சிவப்புச் சாயத்தைப் பற்றி ஓயாமல் பெருமையடிப்பானே, அவன்.