கிளட்ச் வளர்ந்த கதை

மோட்டார் காரின் உறுப்புகளுள் எஞ்சினுக்குக் கிடைத்த புகழ் கிளட்சுக்குக் கிடைத்ததில்லை. அது பழுதுபடும்வரை நாம் அதை நினைப்பதே இல்லை. ஆயினும் அது இன்றேல் பெட்ரோல் கார் ஓரடியும் நகராது. நீராவி எஞ்சின் நின்ற நிலையிலிருந்தே முழு விசையுடன் இழுக்க வல்லது. பெட்ரோல் எஞ்சினோ சுழன்றுகொண்டிருந்தால்தான் விசை தரும். காரை நிறுத்தினாலும் எஞ்சின் சுழல வேண்டும். கியர் மாற்றும்போது அதன் விசை கணநேரம் விலகி நிற்க வேண்டும். எஞ்சினையும் சக்கரங்களையும் வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது பிரித்து வைக்கும் இடைத்தரகனே கிளட்ச்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தோரிடம் நெடுங்காலமாக ஒரு முறையீடு உண்டு. கிளட்ச் நழுவுகிறது; புதுத் தட்டுப் போடுகிறார்கள்; சில மாதங்களில் மீண்டும் நழுவுகிறது. இன்னொரு தட்டு, இன்னொரு செலவு, மறுபடியும் அதே குறை. இக்குறை ஏன் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது? கிளட்ச் வளர்ந்த வரலாற்றை அறிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அவ்வண்டியில் இன்று நாம் அறிந்த கிளட்ச் இல்லை. வெறுமனே சுழலும் ஒரு கப்பியிலிருந்து, அச்சோடு பிணைந்த மற்றொரு கப்பிக்கு வார்ப்பட்டையைத் தள்ளினால் வண்டி நகரும். 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் புதல்வர் இருவருடன் மன்ஹைமிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு இவ்வகை வண்டியில் பயணம் செய்தார். வழியில் தடைக்கட்டைகள் தேய்ந்துபோகவே, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லி அவற்றின்மேல் தோலை அறையச் செய்தார். உராயும் பரப்புக்குத் தனியாக ஓர் உறை வேண்டும் என்ற உண்மை அந்தப் பயணத்திலேயே வெளிப்பட்டது.

பின்னர் கிளட்சிலும் தோல் இடம்பெற்றது. 1891-இல் பிரான்ஸில் பனார் – லெவாசோர் நிறுவனத்தார் எஞ்சினை முன்னே வைத்து, அதன்பின் கிளட்சையும் கியர்ப்பெட்டியையும் அமைத்த முறை பிற்காலக் கார்களுக்கு முன்மாதிரியாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருவழக்காக இருந்தது கூம்புக் கிளட்ச். எஞ்சினோடு சுழலும் கனத்த ஃப்ளைவீலின் உட்புறம் கிண்ணம்போல் குடையப்பட்டிருக்கும். தோல் போர்த்திய கூம்பு ஒன்றை ஸ்பிரிங் அதனுள் அழுத்தும். மிதியை அழுத்தினால் கூம்பு விலகும். எளிய அமைப்புத்தான், ஆனால் தோலின் குணம் நாளுக்கு ஒரு விதம். வெப்பத்தால் இறுகினால் வெடுக்கென்று பற்றி வண்டியைத் துள்ளச் செய்யும். எண்ணெய் பட்டால் வழுக்கும். இறுகிய தோலுக்கு ஓட்டிகள் விளக்கெண்ணெய் தடவினார்கள். வழுக்கிய தோலுக்கு நம் நாட்டு முல்தானி மட்டி போன்ற களிமண் தூளைத் தூவினார்கள். எண்ணெய் மிகுந்தால் தூள், தூள் மிகுந்தால் எண்ணெய் என்று இந்த வைத்தியம் முடிவின்றித் தொடர்ந்தது.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் 1897-இல் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் தடைக்கட்டைகளுக்கான உராய்வுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துகளை மாற்றியமைத்து ஃபெரோடோ என்று அவற்றுக்குப் பெயரிட்டார். பின்பு இவ்வுறைகளில் கல்நார் புகுந்தது. வெப்பத்துக்கு அஞ்சாத கல்நார் கிடைத்தபின், கூம்பின் இடத்தை உலர்ந்த ஒற்றைத் தட்டுக் கிளட்ச் பிடித்துக்கொண்டது. ஆனால் கல்நார்த் தூளை மூச்சில் இழுத்தவர்களின் நுரையீரல் நோயுற்றது, பலர் உயிரிழந்தனர். பிரிட்டன் 1999-இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-இலும் அதைத் தடைசெய்தன. பழைய காரின் கிளட்சைத் திறந்து தூளை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் விரட்டுவதும் கூடா என்பதற்கு இதுவே காரணம். அத்தூளை ஈரத்தால் துடைத்தெடுப்பதே தக்கது.

ஸ்போர்ட்ஸ் காரின் கதைக்கு ஆபிங்டன் நகரில் உருவான எம்.ஜி. கார்களே போதிய சான்று. 1936-இல் வந்த 'டி.ஏ.' காரின் கிளட்ச் எண்ணெயில் மூழ்கிச் சுழல்வது. உராய்வுக்குத் தக்கைத் துண்டுகள் பதித்தது. இது மென்மையாகப் பற்றும். ஆனால் எண்ணெயில் இயங்கும் கிளட்சுகளுக்கே உரிய ஒரு தொல்லை, குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டால் எளிதில் பிரியாமை. 1939-இல் வந்த 'டி.பி.' காரில் உலர்தட்டுக் கிளட்ச் இடம்பெற்றது. அதன் வளையச் சுருள் ஸ்பிரிங்குகளுக்கு வேறொரு குறை இருந்தது. தட்டு தேயத் தேய ஸ்பிரிங் நீண்டு அழுத்தம் தளரும். எஞ்சின் மிக விரைந்து சுழலும்போது ஸ்பிரிங்குகள் வெளிநோக்கி வளையும். விரைவுக்கென்றே பிறந்த காருக்கு இது சிறு குறையன்று.

இதற்கு மாற்று அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் 1930-களில் உருவாயிற்று. பல சுருள்களுக்குப் பதிலாக, நடுவில் விரல்கள் போல் பிளவுபட்ட ஒரே எஃகுத் தகடு. அதன் பெயர் டயஃப்ரம் ஸ்பிரிங். தட்டு தேய்ந்தாலும் இதன் அழுத்தம் பெரிதும் குன்றாது. வேகமும் இதனை எளிதில் நிலைகுலைக்காது. 1962-இல் பிறந்த 'எம்.ஜி.பி.' காரில் இவ்வமைப்பே இருந்தது. 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட அக்கார்கள் உருவாயின.

அப்படியானால் குறை தீர்ந்ததா? இல்லை, கிளட்சுக்கு வெளியே இடம் மாறியது. 1964 வரை வந்த எம்.ஜி.பி. எஞ்சின்களில் பிரதான தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்க ரப்பர் உதட்டுச் சீல் இல்லை. திருகுபோன்ற பள்ளம் ஒன்று சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பும். எஞ்சின் நின்றுவிட்டால் அந்தக் காவல் இல்லை. தேய்ந்த எஞ்சினில் கசியும் எண்ணெய் புதுத் தட்டையும் நனைக்கும். அதை அறியாதவர் எத்தனை தட்டு மாற்றினாலும் பயனில்லை. எஞ்சினையே வெளியே தூக்கினால்தான் அக்காரில் கிளட்சை அடைய முடியும் என்பதால், ஒவ்வொரு தவறான கணிப்புக்கும் கூலி மிகுதி.

வேறு இரு காரணங்களும் உண்டு. மிதியை அழுத்தும்போது கிளட்சைத் தள்ளுவது ஒரு கரி வளையம். பயணம் முழுவதும் மிதிமேல் காலை வைத்திருப்பவரின் வளையம் விரைவில் தேய்ந்துவிடும். மற்றொன்று, மிதியை எண்ணெய் உந்துருளையோடு இணைக்கும் சிறு ஆணி. அது தேய்ந்தால் மிதியின் அசைவில் ஒரு பகுதி வீணாகும், கிளட்ச் முழுதும் பிரியாது, கியர்கள் கரகரக்கும். மலிவான ஓர் ஆணியின் குற்றத்துக்காகக் கியர்ப்பெட்டியைப் பழிப்பது அறியாமையன்றோ!

ஆகவே பழுதுபார்ப்பவர் முதலில் குறையின் இனத்தைப் பிரித்தறிய வேண்டும். எஞ்சின் இரைச்சல் ஏறியும் வேகம் ஏறாவிடில், அது நழுவல். எண்ணெயோ தேய்மானமோ காரணமாகலாம். கியர் விழ மறுத்தால், அது பிரியாமை; மிதி, ஆணி, உந்துருளை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். புறப்படும்போது வண்டி நடுங்கினால், எண்ணெய் பட்ட தட்டையோ, வெப்பத்தால் கோணிய பரப்பையோ, தளர்ந்த எஞ்சின் தாங்கிகளையோ ஐயுறலாம். கிளட்ச் உறையின் அடியிலுள்ள சிறு துளையில் எண்ணெய்த் துளி தென்பட்டால், அது எஞ்சினிலிருந்து வந்ததா கியர்ப்பெட்டியிலிருந்து வந்ததா என்று தெளிந்த பின்னரே புதுத் தட்டு வாங்க வேண்டும்.

இக்கால இரட்டைக் கிளட்ச் அமைப்பு இடக்கால் மிதியையே அகற்றிவிட்டது. 1986-இல் மோன்சாப் பந்தயத்தில் போர்ஷ 962 கார் இவ்வமைப்புடன் வென்றது. 2003-இல் ஃபோக்ஸ்வாகன் அதைப் பொதுமக்கள் காரில் வைத்தது. ஆயினும் அங்கும் உராய்வே இணைக்கிறது. உராய்வு வெப்பத்தை ஈன்றே தீரும். மும்பையிலிருந்து புனே செல்லும் நம்மவர் கண்டாலா ஏற்றத்தில் நெரிசலில் சிக்கி, பாதி அழுத்திய மிதியால் காரைப் பிடித்து நிறுத்தினால், எழும் கருகல் நாற்றம் தேய்ந்துபோகும் தட்டின் நாற்றமே. அத்தகைய ஏற்றத்தில் காரை நிறுத்தக் கைப்பிரேக்கைப் பயன்படுத்துவோமாக. தட்டு மீண்டும் கெட்டால், புதியதைப் பொருத்துமுன் பழையதை ஏன் இழந்தோம் என்று மெக்கானிக்கைக் கேட்போமாக.