ரோகிணிக்கும் பூசத்துக்கும் உறவு உண்டா?

தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்துக் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்களா? இல்லை. ஒருவர் சேலத்துக்காரர், மற்றவர் தஞ்சாவூர்க்காரர். நடையையும் பேச்சையும் வைத்துத்தான் பூர்வீகத்தைக் கண்டுகொள்கிறோம். விண்மீன்களுக்கும் இதே வழிதான்.

அடுக்குமாடி வீடுகள் நிறைந்த சிங்கப்பூர் பூன் லே வட்டாரத்துக்கு, சியூ பூன் லே என்ற தோட்ட முதலாளியின் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் அங்கே ரப்பர் மரங்கள் நின்றன. ரப்பர் நிரைகளுக்கு நடுவே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கம் பக்கமாகப் போகும் நிரைகள் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தோன்றும். 1908-இல் அமெரிக்க வானியலார் லூயிஸ் பாஸ் வானத்தில் கண்டதும் அதுதான். நம் முன்னோர் சகடு என்று அழைத்த ரோகிணிக் கூட்டத்தைச் சுற்றி ஏறக்குறைய 40 விண்மீன்கள் ஒரே புள்ளியை நோக்கி நகர்வதுபோல் தெரிந்தன. அப்படியானால் அவை இணையாகப் பயணம் செய்கின்றன, ஒரே குடும்பம். வேடிக்கை என்னவென்றால், ரோகிணி என்று நாம் காட்டும் செந்நிற விண்மீன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல! அது 65 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. குடும்பமோ 150 ஒளியாண்டுக்கு அப்பால். பார்வைக்கு மட்டுமே அண்டை வீடு.

பிற்பாடு, 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பூசக் கூட்டமும் ஏறக்குறைய அதே திசையில், அதே வேகத்தில் போவது தெரியவந்தது. நடை ஒத்துவிட்டது. பேச்சு?

விண்மீனின் ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் வண்ணப் பட்டையில் கருங்கோடுகள் தெரியும். இரும்புக்கு ஒரு வரிசை, சுண்ணத்துக்கு வேறொரு வரிசை. இதைப் படிக்கும் முறையைக் கிர்க்காஃப், புன்சன் என்ற இரு ஜெர்மானியர்கள் 1859-இல் வகுத்தார்கள். ஒரே பானையில் வடித்த சோறு போல, ஒரே வாயு மேகத்தில் பிறந்த விண்மீன்களில் பொருள்களின் அளவு ஒத்திருக்கும். ரோகிணிக் கூட்டத்திலும் பூசத்திலும் இரும்பு, சூரியனில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். வயதும் நெருக்கம்: 60 முதல் 80 கோடி ஆண்டுகள்.

ஆனால் பேச்சு ஒத்தால் மட்டும் உடன்பிறப்பு ஆகிவிடுமா? வெவ்வேறு மேகங்களிலும் ஒரே கலவை அமையலாம். 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் இவற்றின் ஓட்டத்தை நுட்பமாக அளந்தது. அதன் பிறகும் வழக்கு தீரவில்லை.

தைப்பூசம் கழிந்து ஒரு வாரம் பொறுங்கள். நிலவு இல்லாத முன்னிரவில் பூன் லேயின் விளக்கு வெளிச்சத்திலும் அந்தச் செம்மீன் உச்சிக்கு அருகே தெரியும். கிழக்கே பூசத்தைக் காண மட்டும் ஒரு தொலைநோக்கி வேண்டும்.