ஓர் இராத்தல் தானியம்



நான் கல்லூரியில் பயின்ற நாட்களில் மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தை நாள்தோறும் கடந்து செல்வேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தேனேயன்றி, அதனை வெட்டியவர் யாவர் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அப்பகுதி, ஏறத்தாழ ஐந்து மைல் நீளம், 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது என்று பின்னர் படித்தறிந்தேன். சோற்றைச் சிந்தினால் "தாது வருஷத்தில் பிறந்திருந்தால் தெரியும்" என்று என் பாட்டி கடிந்துகொள்வதன் பொருளும் அன்றுதான் விளங்கிற்று.

தாது ஆண்டில் மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பெரிதும் எடுத்தாளப்படும் மதிப்பீடு. சென்னை மாகாண அரசு நிவாரண வேலைகளைத் திறந்தது. அரசுப் பணத்தில் உண்போர் அதற்கு ஈடாக உழைக்க வேண்டும் என்பதே விதி. மண் சுமந்தும் கல் உடைத்தும் கூலி பெற வருபவனே உண்மையில் பசித்தவன், மற்றவன் வரமாட்டான் என்று அதிகாரிகள் கருதினர். இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்திலும் இக்கருத்தே ஊடுருவி நின்றது. உதவி கசப்பாக இருந்தால்தான் சோம்பேறி அதை நாடான் என்பது அவர்கள் நம்பிக்கை.

1877இன் தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைச் சென்னைக்கு அனுப்பினார். இவருடைய முன்வரலாறு வியப்பானது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் தோன்றியபோது பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துப் பெரும் உயிர்ச்சேதம் நேராமல் காத்தவர் இவரே. அதற்காகக் கிடைத்தது பாராட்டன்று; ஊதாரி என்ற ஏச்சு. அந்த ஏச்சைத் துடைக்கவே சென்னைக்கு வந்தார் என்று நான் கருதுகிறேன். ஆணொருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியத்தின் விலையும், அதனுடன் சிறிது காசும் போதும் என்றார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. வேலைத்தலங்களையும் வீட்டினின்று தொலைவில் அமைக்கச் சொன்னார். நெடுந்தூரம் நடந்து வருவதும் ஒரு சோதனையே என்பது கணக்கு.

சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கு ஓர் இராத்தல் தானியம் உயிரைப் பிடித்து வைக்கவே போதாது. ஒன்றரை இராத்தலும் அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதிட்டார். பம்பாய் மாகாணத்திலோ தொழிலாளரே பெருந்திரளாக வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். பூனா சார்வஜனிக் சபை அவர்கள் சார்பில் அரசுக்கு விண்ணப்பங்கள் அனுப்பியது. சென்னை அரசு அவ்வாண்டிலேயே கூலியை உயர்த்திற்று. ஆயினும் அதற்குள் பலர் வலுவிழந்திருந்தனர்.

இங்கே ஒன்றை உற்று நோக்குங்கள். பசியின் கொடுமையை அளப்பதற்கென்று வைத்த சோதனை, உடலின் வலிமையை அளந்துவிட்டது. மண்வெட்டியைத் தூக்க இயன்றவன் தேறினான். பல நாள் பட்டினியால் நிற்கவும் இயலாதவன், எவனுக்காக நிவாரணம் திறக்கப்பட்டதோ அவனே, வேலைத்தலத்துக்கு நடந்துவர இயலாது வழியிலேயே விழுந்தான். கைக்குழந்தைக்காரியும் முதியவரும் கஞ்சித்தொட்டியைத் தவிர வேறு போக்கிடம் அறியார்.

1880இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணைக்குழு வேலைச் சோதனையைக் கைவிடவில்லை. திடகாத்திரர் உழைத்தே பெற வேண்டும் என்றது. ஆனால் கூலி உடல்நலத்தைக் காக்கப் போதுமானதாகவும், வேலையளவு அவரவர் ஆற்றலுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்றும் கூறியது. உழைக்க இயலாதவர்க்கு அவர்தம் ஊரிலேயே இலவச உதவி தரவும் வழி கூறிற்று. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு வரையப்பட்டபோது இக்கருத்துகள் அதில் இடம்பெற்றன. கார்னிஷும் டெம்பிளும் இராத்தல் கணக்கில் எழுதிக்கொண்ட வாதப்பிரதிவாதங்கள் அச்சேறிக் கிடக்கின்றன. கால்வாயை வெட்டியவர்களின் பெயரை மட்டும் நான் எங்கும் காணவில்லை. கால்வாய்க்கு 1878இல் சூட்டப்பெற்றது, அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர்.