குறுகிய பாதை, குறைந்த நேரம்: சிறு பிஸ்டல்களில் தோட்டா சிக்கும் பழுதின் வரலாறு

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் ஒரு தோட்டா வெடித்ததும் ஸ்லைடு பின்னால் போய் வெற்று உறையை வெளியே எறிகிறது. திரும்பி வரும்போது மேகசினின் மேல் தோட்டாவை நெட்டித் தள்ளி, சரிவில் ஏற்றி, குழலின் அறைக்குள் நுழைக்கிறது. இந்தப் பயணம் தடைபட்டால் ‘ஜாம்’ என்கிறோம். பழியைத் துப்பாக்கியின் மேல் போடுகிறோம். ஆனால் தோட்டாவின் வடிவம், மேகசின், சரிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பார்த்து அளவெடுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று மட்டும் மாறும்போதே இப்பழுது பெரும்பாலும் தலைகாட்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்க காலம்

1893-இல் ஹியூகோ போர்ஷார்ட் வடிவமைத்த பிஸ்டல், கழற்றி மாட்டும் மேகசினைக் கைப்பிடிக்குள் கொண்டுவந்தது. அதிலிருந்து பிறந்த லூகர் பிஸ்டலை 1900-இல் சுவிட்சர்லாந்து ராணுவமும் 1908-இல் ஜெர்மன் தரைப்படையும் ஏற்றன. லூகருக்கான 9 மி.மீ. தோட்டாவின் முனை முதலில் வெட்டிய கூம்பு போல இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் உருண்டை முனை அதன் இடத்தைப் பிடித்தது. தட்டை முனையின் விளிம்பு சரிவில் முட்டி நிற்கக்கூடும். உருண்டை முனை வழுக்கி ஏறிவிடும்.

அமெரிக்காவில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டல் 1911 மார்ச்சில் 6,000 தோட்டாக்கள் சுடும் சோதனையைப் பழுதின்றிக் கடந்தது. போட்டியிட்ட சாவேஜ் பிஸ்டலில் 37 பழுதுகள் பதிவாயின. ஆனால் அந்தச் சோதனை உருண்டை முனைத் தோட்டாவைக் கொண்டு நடந்தது. நம்பகத்தன்மைக்கான அந்தச் சான்று அந்த ஒரு வடிவத்துக்கே பொருந்தும்.

விளிம்புப் பூட்டு

1899-இல் வந்த .32 ஏசிபி தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே அகலமானது. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் விழுந்துவிட்டால் இரண்டும் கோத்துக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் நகராது. உருண்டை முனைத் தோட்டாவின் நீளத்துக்கு அமைந்த மேகசினில், நீளம் குறைந்த குழிமுனைத் தோட்டாவைப் போட்டால் முன்பின் நகர இடம் கிடைக்கிறது. இந்தப் பூட்டும் எளிதில் விழுகிறது.

குழிமுனையும் அரமும்

1960-களில் அமெரிக்காவில் குழிமுனைத் தோட்டாக்கள் பரவின. அகன்ற வாய் கொண்ட முனை பழைய சரிவில் முட்டியது. துப்பாக்கித் தச்சர்கள் சரிவைத் தேய்த்து மெருகேற்றினார்கள். அளவு மீறித் தேய்த்தால் உறையின் அடிப்பகுதிக்குக் கிடைக்கும் தாங்கல் குறைந்து, அங்கே உறை வெடிக்கக்கூடும். பின்னாளில் உற்பத்தியாளர்களே குழிமுனையின் வளைவை உருண்டை முனைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். சரிவின் வடிவத்தையும் திருத்தினார்கள்.

உருவம் சுருங்கியபோது

மேலே சொன்ன கோல்ட் பிஸ்டலான 1911 மாதிரியின் குழல் 127 மி.மீ.; 1985-இல் வந்த அதன் குறுவடிவமான ஆபீசர்ஸ் மாதிரியின் குழல் சுமார் 89 மி.மீ. குறுகிய ஸ்லைடு எடை குறைந்தது. அது போய்வரும் தூரமும் குறைவு. அதைத் தடுத்து நிறுத்த விறைப்பான ஸ்பிரிங் தேவைப்பட்டது. அதனால் ஸ்லைடு விரைந்து திரும்புகிறது. அடுத்த தோட்டாவை மேலே தூக்க மேகசின் ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. பெரிய துப்பாக்கி பொறுத்துக்கொண்ட தளர்ந்த ஸ்பிரிங்கைச் சிறியது பொறுப்பதில்லை. பிடி தளர்ந்தால் ஸ்லைடோடு சட்டகமும் பின்னால் நகர்ந்து, ஸ்லைடு முழுத் தூரம் போகாமலே திரும்பிவிடும். 1990-களில் வந்த கிளாக் 26 ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரட்டை ஸ்பிரிங்கைக் கொண்டிருந்தது இந்த நெருக்கடிக்கு ஒரு விடை.

வரலாறு சொல்லும் வரிசை

பழுதைத் தேடும் ஒழுங்கும் இதிலிருந்தே கிடைக்கிறது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்தபின் மேகசின்களுக்கு எண் இட வேண்டும். ஒரே எண்ணில் மட்டும் சிக்கினால் குற்றம் அந்த மேகசினின் ஸ்பிரிங்கிலோ வாய் மடிப்பிலோ இருக்கிறது. எல்லாவற்றிலும் சிக்கினால் உருண்டை முனைத் தோட்டாவைச் சுட்டுப் பார்க்கலாம். அப்போது சரியானால் முனை வடிவமே காரணம். தோட்டா பாதி நுழைந்து ஸ்லைடு மூடாமல் நின்றால் அழுக்கடைந்த அறை, ஸ்லைடைத் திருப்பும் மீள் ஸ்பிரிங்கின் தளர்வு, உறையைப் பற்றியிழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூக்கு கீழே குத்தி நின்றால் மேகசின் தோட்டாவைப் போதிய உயரத்துக்குத் தூக்கவில்லை. ஸ்லைடு தோட்டாவைப் பிடிக்காமல் மேலாகத் தாண்டிப் போனால் மேகசின் ஸ்பிரிங், சுடுபவரின் பிடி இரண்டையும் சோதிக்க வேண்டும்.

சரிவு கடைசியில்தான் வருகிறது. அதில் கைவைப்பது உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சரின் வேலை. மேகசினை மாற்றிப் பார்த்தது தவறென்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம். அரம் தின்ற உலோகம் திரும்பி வராது.