தி ரன்அவேஸ் (1976): செர்ரி வெடியும் ஐந்து சோட்டுப் பிள்ளைகளும்

‘செர்ரி பாம்’ என்பது அமெரிக்காவில் ஒரு பட்டாசின் பெயர். செர்ரிப் பழம் போலச் சிவந்த உருண்டை. பழத்தின் காம்பு இருக்கவேண்டிய இடத்தில் பச்சைத் திரி. சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகள் பார்த்தால், உருவத்தில் வெங்காய வெடி, சத்தத்தில் அணுகுண்டு என்று சொல்லிவிடுவார்கள். விரல் போன பிள்ளைகளும் பார்வை போன பிள்ளைகளும் பெருகவே, 1966-இல் வந்த குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. பத்து ஆண்டு கழித்து அதே பெயர் ஓர் இசைத்தட்டின் முதல் பாட்டாக வந்து வெடித்தது.

அந்தத் தட்டுதான் ‘தி ரன்அவேஸ்’. மெர்க்குரி நிறுவனம் 1976-இல் வெளியிட்டது. வாசித்த குழுவின் பெயரும் அதுவே. ஐந்து பேரும் பெண்கள். பதிவின்போது எல்லோருக்கும் பதினாறு, பதினேழு வயதுதான். மல்லாங்கிணற்றுக்காரரான தமிழச்சி தங்கபாண்டியன் தம் கவிதைத் தொகுப்புக்கு ‘எஞ்சோட்டுப் பெண்’ என்று பெயர் வைத்தார். கரிசல் பேச்சில் சோடு என்றால் இணை, ஒத்த வயது. இந்த ஐவரையும் ஒரே சோட்டுப் பிள்ளைகள் என்று சொன்னால் விருதுநகர் பக்கத்தில் யாருக்கும் விளங்கும்.

ரன்அவேஸ் என்றால் வீட்டை விட்டு ஓடிப்போனவர்கள். தமிழில் ‘ஓடுகாலி’ என்றொரு வசவு உண்டு. பெண்ணைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லப்படுவது. அப்படியொரு சொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்டு பள்ளி வயதுப் பெண்கள் மேடையேறியதை நினைத்தால், கிதாரைத் தொடுமுன்பே அவர்கள் எடுத்த துணிச்சல் புரியும்.

அவர்களுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ‘ஃபேனி’ என்ற பெண்கள் ராக் குழு 1970-லேயே ரிப்ரைஸ் நிறுவனத்தில் முழுநீள இசைத்தட்டு வெளியிட்டிருந்தது. அதன் தூண்களான ஜூன், ஜீன் மில்லிங்டன் சகோதரிகள் பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறியவர்கள். டெட்ராய்ட் நகரத்து சூசி குவாட்ரோ தோல் உடையும் பேஸ் கிதாருமாக 1973-இல் பிரிட்டனின் முதலிடப் பாடலைக் கொடுத்தார். அவரைப் பார்த்து ஏங்கிய சிறுமிகளில் ஒருவர் ஜோன் ஜெட். கிதார் கற்றுக்கொள்ளப் போன இடத்தில், பெண் பிள்ளைகள் ராக் வாசிப்பதில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். மறுபடி அந்த வகுப்புக்கு அவர் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து விரலைப் பழக்கினார்.

1975-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜோன் ஜெட்டையும் டிரம்ஸ் வாசிக்கும் சாண்டி வெஸ்டையும் சேர்த்துவைத்தவர் கிம் ஃபௌலி. அப்போது அவருக்கு 36 வயது. பாடல் எழுதுவது, தட்டுத் தயாரிப்பது, ஆள் பிடிப்பது எல்லாம் அவர் தொழில். பிறகு லண்டனில் பிறந்த லீடா ஃபோர்டு முன்னணிக் கிதாருக்கு வந்தார். கிதார் வாசிக்கத்தான் ஜாக்கி ஃபாக்ஸும் வந்தார். பேஸ் அவர் பங்குக்கு விழுந்தது. பாட ஓர் ஆள் வேண்டும். டேவிட் போவிமீது பித்தாக இருந்த செரி கரி கிடைத்தார். வயது 15.

இந்தத் தட்டின் வரலாற்றில் நின்று பார்க்கவேண்டிய இடம் அந்தக் குரல் சோதனைதான். செரி ஒரு மெதுவான பழைய பாட்டைப் பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். குழுவுக்கு அது ஒத்துவரவில்லை. திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, ஜோன் ஜெட்டும் ஃபௌலியும் அடுத்த அறைக்குப் போய், செரி என்ற அவர் பெயரைச் செர்ரியோடு முடிச்சுப்போட்டு, நின்ற நிலையில் ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதைப் பாடிக் காட்டித்தான் செரி குழுவில் சேர்ந்தார். பல்லவியில் பட்டாசின் பெயரை அவர் முதலெழுத்திலேயே திக்கித் திக்கி இழுத்துப் பாடுகிறார். திரியில் நெருப்பு ஏறும்போது எழும் ‘சர்ர்’ என்ற சீறல் காதில் விழுகிறது. அடுத்த நொடி டிரம்ஸ். வெடியில் மருந்தைவிடச் சுற்றுக் கட்டுதான் முக்கியம், இறுக்கிக் கட்டினால்தான் சத்தம் என்று பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். இந்தப் பாட்டும் அப்படி இறுக்கிக் கட்டியதுதான்: ஏறக்குறைய இரண்டேகால் நிமிடம், ஓர் இடத்திலும் தொய்வு கிடையாது.

தட்டில் மொத்தம் 10 பாடல்கள். ஒன்று மட்டும் இரவல்: லூ ரீட் எழுதிய ‘ராக் அண்ட் ரோல்’. மற்றவற்றில் ஜோன் ஜெட், ஃபௌலி பெயர்களோடு கேரி க்ரோம் என்ற இன்னொரு பதின்வயதுப் பெண்ணின் பெயரும் வருகிறது. மேடையில் அவர் இல்லை, எழுதுவதோடு சரி. கடைசிப் பாடலான ‘டெட் எண்ட் ஜஸ்டிஸ்’ ஒரு சிறு நாடகம். சிறார் சீர்திருத்தச் சிறையில் அடைபட்ட பெண்கள் தப்பிக்கத் திட்டமிடுவதைச் செரியும் ஜோனும் மாறி மாறிப் பாடிப் பேசி நடிக்கிறார்கள். ஏழு நிமிடத்தை நெருங்கும் இந்தப் பாட்டில் சில இடங்கள் பள்ளி ஆண்டுவிழா நாடகம்போல் இருக்கும். அது குறையாகத் தோன்றவில்லை. பதினாறு வயது தன் பயத்தையும் தன் தோழமையையும் இவ்வளவு வெளிப்படையாகப் பதிந்த தட்டுகள் அபூர்வம்.

உழைப்பும் பெயரும் சேராத இடங்களும் இதில் உண்டு. ஜாக்கி ஃபாக்ஸைத் தட்டுக்கு வாசிக்க ஃபௌலி விடவில்லை. பதிவில் பேஸ் வாசித்தவர் நைஜல் ஹாரிசன் என்ற ஆண், பின்னாளில் ‘பிளாண்டி’ குழுவில் புகழ்பெற்றவர். முன்னட்டையில் செரியின் படம் மட்டும். ஐவர் தட்டுக்கு ஒருவர் முகம் என்ற அந்த முடிவு குழுவுக்குள் போட்ட விரிசல் கடைசிவரை மூடவில்லை.

விற்பனை சொற்பம். பில்போர்டின் 200 இடப் பட்டியலில் 194-ஆம் இடத்துக்குமேல் ஏறவில்லை. விமர்சகர்களில் பலர் இசையை விட்டுவிட்டு வயதையும் உடையையும் எழுதினார்கள். ஜப்பான்தான் கைகொடுத்தது. 1977-இல் அங்கே போய் இறங்கியபோது பெருங்கூட்டம் வரவேற்றது. ‘லைவ் இன் ஜப்பான்’ என்ற மேடைப்பதிவும் அந்தப் பயணத்தில் விளைந்ததே.

ஃபௌலி இந்தப் பெண்களை எப்படிப் பழக்கினார் என்பதைச் செரி தம் ‘நியான் ஏஞ்சல்’ தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மேடையில் எதிர்ப்பு வந்தால் தாங்கவேண்டும் என்று ஒத்திகையிலேயே பொருள்களை வீசி எறிந்து திட்டுவாராம். தங்களுக்கு வரவேண்டிய பணம் ஒழுங்காக வரவில்லை என்றும் உறுப்பினர்கள் பின்னாளில் குறைப்பட்டார்கள். 2015-இல் ஜாக்கி, தமக்கு 16 வயதாக இருந்தபோது ஃபௌலி தம்மைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் பெயர் சொல்லி வெளிப்படையாகப் பேசினார். ஃபௌலி அந்த ஆண்டு ஜனவரியில் இறந்திருந்தார். இந்தத் தட்டைப் பற்றி எழுதும் எவரும் இந்தப் பத்தியை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

தீப்பெட்டி ஆபீஸும் பயராபீஸும் நிறைந்த விருதுநகர் மாவட்டத்தில், சிறு கைகள் செய்த வேலைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நீதிமன்றம்வரை போன கேள்வி. சிவகாசிச் சிறுவர் உழைப்பை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்டவேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் ஒத்திகை அறையும் சரம் பின்னும் திண்ணையும் ஒன்றல்ல. முன்னது ஆசைப்பட்டுப் போன இடம், பின்னது வறுமை தள்ளிய இடம். ஆனாலும் இரண்டிலும் வயது வந்தவர்தான் கணக்கு எழுதினார்.

இந்தியாவில் ‘தி ரன்அவேஸ்’ தட்டுக்கு நேரான ஒன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. வந்திருக்கக்கூடிய ஒன்று முளையிலேயே கருகியது. ஸ்ரீநகரில் மூன்று பள்ளி மாணவிகள் ‘பிரகாஷ்’ என்ற ராக் குழு தொடங்கி, 2012 டிசம்பரில் குழுக்களுக்கான போட்டி மேடையில் வாசித்தார்கள். இணையத்தில் மிரட்டல் குவிந்தது. காஷ்மீரின் தலைமை முஃப்தி, இது மார்க்கத்துக்கு விரோதம் என்றார். முதலமைச்சர் உமர் அப்துல்லா பெண்களை ஆதரித்துப் பேசியும், 2013 பிப்ரவரியில் அவர்கள் குழுவைக் கலைத்தார்கள். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியோ 1926-லேயே, பத்து வயதில், தாய் சண்முகவடிவின் வீணைத் துணையோடு முதல் இசைத்தட்டுக்குப் பாடிவிட்டார். பாடும் சிறுமியை ஏற்ற ஊர்களும் டிரம்ஸ் அடிக்கும் சிறுமியை ஏற்க நாளாகிறது.

‘தி ரன்அவேஸ்’ குழு 1979-இல் கலைந்தது. ஜோன் ஜெட்டின் ‘ஐ லவ் ராக் அண்ட் ரோல்’ 1982-இல் ஏழு வாரம் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தது. லீடா ஃபோர்டு எண்பதுகளில் தனிக் கிதார்க் கலைஞராக நிலைத்தார். சாண்டி வெஸ்ட் 2006-இல் புற்றுநோயால் இறந்தார். 2010-இல் ஃப்ளோரியா சிஜிஸ்மாண்டி இக்கதையைத் திரைப்படமாக்கினார். 2014-இல் ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ படத்தில் ‘செர்ரி பாம்’ ஒலித்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டு தெரியும்.

ஜாக்கி ஃபாக்ஸ் பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். முதல் தட்டில் கேட்காத அவர் விரல்களைக் கேட்க வேண்டுமானால் 1977-இல் வந்த இரண்டாவது தட்டான ‘க்வீன்ஸ் ஆஃப் நாய்ஸ்’ இருக்கிறது. ‘லைவ் இன் ஜப்பான்’ பதிவில் ‘செர்ரி பாம்’ பாட்டுக்கும் பேஸ் வாசிப்பவர் அவர்தான்.